பாதி ஆண், பாதி பெண்: பூச்சிகளைப் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் இடது சிறகு ஒரு நிறத்திலும் வலது சிறகு வேறு நிறத்திலும் இருந்த ஒரு வண்ணத்துப்பூச்சியின் படத்தைப் போட்டு, ‘ஒரு பக்கம் ஆண், மறுபக்கம் பெண்’ என்று ஒற்றை வரியில் குறிப்பு எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களால் மேசை நிறைந்துவிட்டது. ஆகவே இந்த மாதம் முழுக்கப் பூச்சிகளின் ஆண் பெண் விவகாரம்தான். பல வருடம் பழ ஈக்களை நுண்ணோக்கிக்குக் கீழே பரப்பி, ஆண் ஒரு ஓரம், பெண் ஒரு ஓரம் என்று தூரிகையால் தள்ளிக்கொண்டிருந்தவள் நான். அதனால் பதில்களில் பழ ஈ கொஞ்சம் அதிகமாகவே மொய்க்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படம் கணினியில் செய்த ஒட்டு வேலைதானே? நிஜமாகவே அப்படி ஒரு உயிர் இருக்க முடியுமா?
(பத்தாம் வகுப்பு மாணவி)

ஒட்டு வேலை இல்லை அம்மா. அபூர்வம்தான், ஆனால் நிஜம். நானே ஒரு பழ ஈயில் பார்த்திருக்கிறேன். இடது கண் சிவப்பு, வலது கண் வெள்ளை. வலது முன்காலில் மட்டும், ஆண் ஈக்கு மட்டுமே இருக்கும் அந்தக் கறுப்புச் சீப்பு போன்ற முள்வரிசை. இடது காலில் அது இல்லை. அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை. வருகிற போகிற எல்லோரையும் பிடித்து நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தேன்.

இது எப்படி முடிகிறது என்று புரிய, நம் உடலில் நடப்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். மனிதக் கருவில் விந்தகமோ சூலகமோ உருவானதும், அங்கிருந்து கிளம்பும் ஹார்மோன் ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போகிறது. மீசை முளைப்பதும் குரல் உடைவதும் அதன் உத்தரவு. எல்லாத் திசுவுக்கும் ஒரே உத்தரவு போவதால் இடப்பக்கம் மீசை, வலப்பக்கம் இல்லை என்று ஆவதில்லை.

பூச்சிகளில் அப்படி உடல் முழுக்க ஓடி ஆண்மை பெண்மையைப் பரப்பும் ஹார்மோன் ஆட்சி கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன்னிடம் உள்ள குரோமோசோம்களைத் தானே பார்த்து, தானே முடிவு செய்கிறது. பக்கத்து செல் என்ன முடிவெடுத்தது என்பது பெரும்பாலும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

பழ ஈயில் இப்படி நடக்கும். இரண்டு எக்ஸ் குரோமோசோமுடன் ஒரு பெண் கரு தொடங்குகிறது. முதல் செல் பிரியும்போது ஒரு பாதியில் ஒரு எக்ஸ் தொலைந்துபோகிறது. இரண்டு எக்ஸ் வைத்திருக்கும் பாதியின் வாரிசுகள் எல்லாம் பெண் திசு, ஒரே ஒரு எக்ஸ் மிஞ்சிய பாதியின் வாரிசுகள் எல்லாம் ஆண் திசு. நான் பார்த்த ஈயில், தொலைந்துபோன எக்ஸில்தான் சிவப்புக் கண்ணுக்கான மரபணு இருந்தது. மிஞ்சிய எக்ஸில் வெள்ளைக் கண் மரபணு. ஆகவே ஆண் பக்கத்தில் வெள்ளைக் கண். எல்லைக்கோடு எப்போதும் நடு முதுகில்தான் போகும் என்றில்லை. முதல் பிரிவு எந்தத் திசையில் நடந்தது என்பதைப் பொறுத்துச் சாய்வாகவும் போகும், சில சமயம் தலை மட்டும் ஒரு பால், உடல் வேறு பால் என்றும் ஆகும்.

வண்ணத்துப்பூச்சியில் பெரும்பாலும் வேறு வழி. ஒரே முட்டைக்குள் தவறுதலாக இரண்டு உட்கருக்கள் தங்கிவிடும். ஒன்று ஆணாகப் போகிற வகை, மற்றது பெண்ணாகப் போகிற வகை. இரண்டிலும் தனித்தனியே விந்தணு சேர்ந்தால் ஒரே உடலில் அண்ணனும் தங்கையும் ஒட்டி வளர்ந்தாற்போல ஒரு பூச்சி வெளியே வரும். பட்டுப்புழுவில் இது பரம்பரையாகவே வரும் ஒரு ரகம் உண்டு.

இந்தக் கலப்பு ஈக்கள் வெறும் காட்சிப் பொருள் அல்ல. 1970களில் யோஷிகி ஹோட்டா, சீமோர் பென்சர் இருவரும் இவற்றை வைத்து ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள். ஆண் ஈ ஒரு சிறகை விரித்து அதிரவைத்துப் பெண்ணைச் சுற்றி வருகிறதே, அந்தப் புத்தி உடலின் எந்தப் பாகத்தில் இருக்கிறது? கலப்பு ஈக்களில் எந்தெந்தப் பாகம் ஆண், அந்த ஈ காதல் செய்ததா இல்லையா என்று ஒப்பிட்டுக்கொண்டே போனார்கள். மூளையின் மேற்பகுதியில் குறிப்பிட்ட இடம் ஆணாக இருந்தால் போதும்; மற்ற உடம்பு பெண்ணாக இருந்தாலும் ஈ துரத்தத் தொடங்கிவிடுகிறது.

பழ ஈயிலும் ஆணுக்கு எக்ஸ்ஒய், பெண்ணுக்கு எக்ஸ்எக்ஸ் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மனிதனுக்கும் அதேதான். அப்படியானால் இரண்டு பேருக்கும் ஒரே முறை என்று எழுதிவிடலாமா?
(உயிரியல் ஆசிரியர்)

எழுதாதீர்கள் சார். எழுத்து ஒன்று, விஷயம் வேறு. மனிதனில் ஒய் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு ஆணை உண்டாக்குகிறது. பழ ஈயில் ஒய்க்கு அந்த அதிகாரமே இல்லை. கால்வின் பிரிட்ஜஸ் 1916இல் இதைக் காட்டிவிட்டார். இரண்டு எக்ஸுடன் ஒரு ஒய்யும் சேர்ந்து வந்த ஈ, நன்றாக முட்டையிடும் பெண். ஒரே எக்ஸ், ஒய் இல்லவே இல்லை என்று பிறந்த ஈ, பார்வைக்கு முழு ஆண், ஆனால் மலடு. விந்தணுவை முடித்துக் கொடுக்கத்தான் ஒய் தேவை, ஆணாவதற்கு அல்ல.

குரோமோசோமுக்கும் பாலுக்கும் தொடர்பு உண்டு என்பதே பூச்சியில்தான் முதலில் தெரிந்தது. 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி மாவு வண்டின் செல்களை எண்ணினார். பெண்ணில் 20 பெரிய குரோமோசோம். ஆணில் 19 பெரியது, ஒன்று மட்டும் குட்டி. அந்தக் குட்டியைச் சுமந்த விந்தணுவிலிருந்து ஆண் வருகிறது என்று துணிந்து சொன்னார். அதே வருடம் எட்மண்ட் வில்சனும் இதே முடிவுக்கு வந்தார். பல புத்தகங்கள் வெகுகாலம் வில்சன் பெயரைத்தான் பெரிதாகப் போட்டன. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. ஸ்டீவன்ஸ் 1912இல் காலமாகிவிட்டார்.

சரி, ஒய் இல்லையென்றால் ஈயில் யார் முடிவு செய்வது? எக்ஸின் அளவு. இரண்டு எக்ஸ் உள்ள கருவில், முட்டை கருவுற்ற முதல் சில மணி நேரத்துக்குள் ‘செக்ஸ்-லீத்தல்’ என்ற மரபணு விழித்துக்கொள்கிறது. ஒரு எக்ஸ் மட்டும் இருந்தால் அது விழிக்காது. விழித்துக்கொண்டால் பிறகு தன்னைத் தானே விழித்தபடி வைத்துக்கொள்ளும். அது ‘டிரான்ஸ்ஃபார்மர்’ என்ற அடுத்த மரபணுவைக் கிளப்பும், அது ‘டபுள்செக்ஸ்’ என்ற மரபணுவின் ஆர்.என்.ஏ.வை, அதாவது அந்த மரபணுவிலிருந்து நகலெடுத்து வரும் செய்தியை, ஒரு விதமாக வெட்டி ஒட்டும். அப்போது டபுள்செக்ஸ் பெண் வடிவப் புரதத்தைத் தரும். இந்தச் சங்கிலி கிளம்பாவிட்டால் வேறு விதமாக வெட்டப்பட்டு ஆண் வடிவப் புரதம் வரும். ஆக, ஆணுக்கென ஒரு மரபணு, பெண்ணுக்கென ஒரு மரபணு என்று இல்லை. ஒரே மரபணுவின் இரண்டு பதிப்புகள். இதே டிரான்ஸ்ஃபார்மர் ‘ஃப்ரூட்லெஸ்’ என்ற மரபணுவையும் வெட்டுகிறது. மூளைக்கு ஆண் சுபாவம் தருவது அதன் ஆண் பதிப்பு. 2005இல் அந்த ஆண் பதிப்பைப் பெண் ஈயில் வரவைத்தபோது அந்தப் பெண் ஈக்கள் மற்றப் பெண் ஈக்களிடம் போய்ச் சிறகு அதிர்த்துக் காட்டின.

இப்போதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. பழ ஈயை விட்டு வேறு பூச்சிக்குப் போனால் சங்கிலியின் மேல்முனை அடியோடு வேறு. வீட்டு ஈயில் ஆணைத் தீர்மானிக்கும் மரபணுவை 2017இல் கண்டுபிடித்தார்கள். அது சில இடத்து ஈக்களில் ஒய்யில் உட்கார்ந்திருக்கிறது, வேறு சில இடங்களில் சாதாரணக் குரோமோசோமுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஒரே இனத்துக்குள்ளேயே இப்படி! பட்டுப்புழுவில் தலைகீழ். ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு இசட்டும் டபிள்யூவும். அங்கே டபிள்யூவிலிருந்து வருவது புரதம்கூட இல்லை, ஒரு குட்டி ஆர்.என்.ஏ. துண்டு. ஆணாக்கும் ‘மாஸ்க்’ மரபணுவின் செய்தியை அது கிழித்துப்போடுகிறது, கரு பெண்ணாகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் இதைச் சொன்னபோது நாங்கள் வாயைப் பிளந்தோம். தேனீயின் கதை வேறு, அது அடுத்த பதிலில்.

ஆனால் இத்தனை பூச்சிகளிலும் சங்கிலியின் கடைசியில் போய்ப் பார்த்தால் அதே டபுள்செக்ஸ், அதே இரண்டு பதிப்புகள். அலுவலகத்தில் மேலதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள், மூலை நாற்காலியில் இருக்கும் பழைய குமாஸ்தா மட்டும் அசையமாட்டார். கோப்பு கடைசியில் அவர் கையெழுத்தில்தான் நகரும். பரிணாமம் இந்தச் சங்கிலியைக் கீழிருந்து மேலாகக் கட்டியிருக்கிறது என்று சொல்வது இதனால்தான். டபுள்செக்ஸின் தூரத்து உறவு மரபணு ஒன்று நம் ஒன்பதாவது குரோமோசோமிலும் இருக்கிறது, விந்தக வேலையில்தான் ஈடுபடுகிறது. ஆகவே, ‘ஈக்கும் நமக்கும் ஒன்றுபோல’ என்று எழுதத்தான் வேண்டுமென்றால் எக்ஸ்ஒய்யை விட்டுவிட்டு இதை எழுதுங்கள்.

என் தேன்பெட்டியில் ராணி நன்றாகத்தான் முட்டையிடுகிறது. ஆனால் புழு அறைகள் பொத்தல் பொத்தலாக, இடையிடையே காலியாக இருக்கின்றன. ‘ஆண் புழுவைத் தின்றுவிடுகின்றன’ என்கிறார் ஒரு நண்பர். ஆண் தேனீக்குத் தந்தையே இல்லை என்பதும் உண்மையா?
(தேனீ வளர்ப்பவர்)

இரண்டாவது கேள்விக்கு முதலில். உண்மை. கருவுறாத முட்டையிலிருந்து ஆண், கருவுற்ற முட்டையிலிருந்து பெண். மத்திய ஐரோப்பாவின் சைலீசியாவில் பாதிரியாராக இருந்த யோஹான் ஜேர்சோன் 1845இலேயே இதைச் சொல்லிவிட்டார். ஆண் தேனீயிடம் 16 குரோமோசோம், பெண்ணிடம் 32. ஆணுக்குத் தந்தை கிடையாது, ஆனால் தாய்வழித் தாத்தா உண்டு.

நண்பர் சொன்னது பாதி சரி. முட்டை கருவுறுவது மட்டும் பெண்ணாவதற்குப் போதாது. 2003இல் கண்டறியப்பட்ட ஒரு மரபணு இருக்கிறது. அதற்கு ஏராளமான மாற்று வடிவங்கள் உண்டு. தாயிடமிருந்து ஒரு வடிவம், தந்தையிடமிருந்து வேறொரு வடிவம் என்று இரண்டு வேறு வடிவங்கள் சேர்ந்தால்தான் பெண். கருவுறாத முட்டையில் ஒரே பிரதிதான், ஆகவே ஆண். ராணியும் அது கூடிய ஆணும் நெருங்கிய உறவாக இருந்து அதே வடிவம் இருவரிடமும் இருந்தால், அந்த ஆணின் வழியாகக் கருவுறும் முட்டைகளில் பாதிக்கு ஒரே வடிவம் இரண்டு முறை வந்துவிடும். தந்தை இருந்தும் அவை ஆணாகிவிடும். வேலைக்காரத் தேனீக்கள் அந்தப் புழுக்களைப் பொரித்த சில மணி நேரத்திலேயே கண்டுபிடித்துத் தின்றுவிடுகின்றன. போலந்தின் வோய்கே 1963இல் இதை விளக்கினார். காலி அறை அப்படித்தான் வருகிறது. ராணி பல ஆண்களுடன் கூடுவதால் சாதாரணமாக இழப்பு குறைவு. சுற்றிலும் ஒரே வம்சத்துப் பெட்டிகளாக இருந்தால் கூடும்.

ஆனால் புழு நோய், உண்ணி என்று பொத்தல் விழ வேறு காரணங்களும் உண்டு. மீதமுள்ள புழுக்கள் நிறம் மாறாமல், வாடை இல்லாமல், ஆரோக்கியமாக இருந்தால் வேறொரு வம்சத்து ராணியை மாற்றி வைத்துப் பாருங்கள். நோய்க்குறி தெரிந்தால் ராணியைக் குறை சொல்லாமல் நோயைக் கவனியுங்கள்.

கும்பிடுபூச்சியில் பெண் ஆணைத் தின்றுவிடுமாமே? சிலந்திப் பூச்சியிலும் அப்படித்தானே?
(ஒரு வாசகர்)

சில சமயம் தின்னும், எப்போதும் இல்லை. பசித்த பெண் அதிகம் தின்னும், வயிறு நிறைந்த பெண் பெரும்பாலும் விட்டுவிடும். சிலந்தி பூச்சி இல்லை, கால்களை எண்ணுங்கள்.

ஒரே வகைச் சாணவண்டில் சில ஆண்களுக்கு நீண்ட கொம்பு இருக்கிறது, சில ஆண்களுக்கு இல்லை. அப்படியானால் அவை வேறு இனமா?
(ஒரு வாசகி)

அதே இனம்தான். புழுவாக இருந்தபோது கிடைத்த சாப்பாடுதான் வித்தியாசம். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டி வளர்ந்த ஆணுக்குக் கொம்பு நீள்கிறது, அதற்குக் கீழே நின்றுபோன ஆணுக்கு ஏறக்குறைய ஒன்றும் வருவதில்லை. கொம்பன் சுரங்க வாசலில் காவல் நிற்பான். கொம்பில்லாதவன் பக்கவாட்டில் வேறு வழி தோண்டி உள்ளே போய்விடுவான். காளைக்கொம்பு போல வளைந்த கொம்புள்ள ஒரு சாணவண்டில், டபுள்செக்ஸின் ஆண் பதிப்பு கொம்பை வளர்க்கிறது, பெண் பதிப்பு அடக்குகிறது என்று 2012இல் காட்டினார்கள். அதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு வண்டில் பெண்ணுக்குத்தான் பெரிய கொம்பு. அங்கே இதே மரபணுவின் வேலை புரட்டிப் போடப்பட்டிருக்கிறது. குமாஸ்தா நினைவிருக்கிறதல்லவா? கோப்பில் என்ன எழுதுவது என்பது மட்டும் இனத்துக்கு இனம் மாறுகிறது.

கறிவேப்பிலை அழகி வண்ணத்துப்பூச்சியில் பெண் மட்டும் ஏன் வேறு பூச்சி போல வேஷம் போடுகிறது? அந்த வேஷம் நல்லதென்றால் ஆணும் போடலாமே?
(வண்ணத்துப்பூச்சிகளைக் கவனிக்கும் வாசகர்)

நல்ல கேள்வி. இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1860களிலேயே இந்தக் குடும்பத்துப் பெண் வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்துத் தலையைச் சொறிந்திருக்கிறார்.

மற்ற வாசகர்களுக்காக நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கறிவேப்பிலை அழகியின் ஆண்கள் எல்லாம் ஒரே மாதிரி: கறுப்பு, பின்சிறகில் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை. பெண்கள் பல ரகம். ஒரு ரகம் ஆணைப் போலவே இருக்கும். ஒரு ரகம் ரோஜா அழகியைப் போல இருக்கும். தெற்காசியாவில் உள்ள இன்னொரு ரகம் சிவப்புடல் அழகியைப் போல இருக்கும். அந்த இரண்டு அழகிகளும் ஆடுதீண்டாப்பாளைக் குடும்பத்துச் செடிகளைப் புழுப் பருவத்தில் தின்று விஷத்தை உடம்பில் ஏற்றிவைத்திருப்பவை. ஒருமுறை கடித்த பறவை மறுமுறை அந்தச் சிவப்புப் பக்கம் போகாது. கறிவேப்பிலை அழகியிடம் அந்த விஷம் கிடையாது. உடை மட்டும்.

ஒரே தாய்க்கு இரண்டு ரகப் பெண்களும் பிறக்கும். நடுத்தரமாக, பாதி வேஷத்துடன் ஒன்று பிறப்பதில்லை. சிறகு வடிவம், வெள்ளைத் திட்டு, சிவப்புப் பொட்டு எல்லாம் ஒரே கட்டாக வரும், இல்லையென்றால் ஒன்றும் வராது. ஆகவே பல மரபணுக்கள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு ஒரே கொத்தாகக் கடத்தப்படுகின்றன என்று வெகுகாலம் நம்பினார்கள். 2014இல் கிருஷ்ணமேக் குந்தேவும் உடன் ஆய்வாளர்களும் அந்த இடத்தைத் தேடிப் போய்ப் பார்த்தால், கொத்து இல்லை, ஒரே மரபணு. அது எது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள் இந்நேரம்: டபுள்செக்ஸ். அதைச் சுற்றியுள்ள டி.என்.ஏ. துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படித் திரும்பியதால் பழைய வடிவமும் வேஷ வடிவமும் ஒன்றோடொன்று கலந்து குழம்ப முடிவதில்லை. பாதி வேஷம் பிறக்காததன் காரணம் அது.

ஆணும் அந்த மரபணுவைச் சுமக்கிறது, மகளுக்குக் கடத்துகிறது. ஆனால் சிறகில் காட்டுவதில்லை. ஆண் பெண் என்று இரண்டு பதிப்பாக வெளிவரும் மரபணுவின் மேலேயே வேஷம் ஏற்றப்பட்டிருப்பதால், ‘பெண்ணுக்கு மட்டும்’ என்ற நிபந்தனையை நிறைவேற்றத் தனி ஏற்பாடு தேடவேண்டியிருக்கவில்லை. இருந்த கருவி அங்கேயே தயாராக இருந்தது.

ஏன் பெண்ணுக்கு மட்டும் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. முட்டை சுமக்கும் பெண் கனமானது, மெதுவாகப் பறக்கும், முட்டையிட இலை தேடி ஒரே செடியைச் சுற்றிச் சுற்றி வரும். வண்ணத்துப்பூச்சிகளின் சிறகில் பறவை கொத்திய தழும்பைப் பார்த்து, ஜப்பானிய ஆய்வாளர் ஓசாகி 1995இல் பெண்கள்தான் அதிகம் தாக்கப்படுகின்றன என்று எழுதினார். ஆக, வேஷத்தின் லாபம் பெண்ணுக்கு அதிகம். ஆண் பக்கம் கணக்கு வேறு. பழைய உடையில் உள்ள ஆணைப் பெண் அடையாளம் காண்பது, ஆண்கள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது என்று அதற்கு வேறு நிர்ப்பந்தங்கள் இருக்கலாம். இந்தப் பாதி விளக்கத்தை நான் முதல் பாதி அளவுக்கு நம்புவதில்லை. ஆதாரம் இனத்துக்கு இனம் முன்னும் பின்னுமாக இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. வேஷதாரிகள் பெருகிவிட்டால் பறவைக்கு ‘சிவப்பு என்றால் கசப்பு’ என்ற பாடம் மறந்துபோகும். பெண்களில் ஒரு பகுதி இன்னும் ஆணைப் போலவே இருப்பதற்கு அது ஒரு காரணம்.

ஆண் துரத்துவதும் போராடுவதும், பெண் அடங்கித் தேர்ந்தெடுப்பதும் இயற்கையின் விதி. பூச்சிகளே இதற்குச் சாட்சி என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். சரிதானே?
(ஒரு வாசகர்)

சொற்பொழிவாளர் பூச்சிகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் முன் அவற்றிடம் கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

அவர் சொல்வதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. டார்வின் 1871இல் ஆண்களின் போட்டியையும் பெண்களின் தேர்வையும் விரிவாக எழுதினார். 1948இல் பேட்மேன் என்ற ஆய்வாளர் பழ ஈக்களை வைத்து, ஆண் எத்தனை பெண்களுடன் கூடுகிறதோ அத்தனைக்குப் பிள்ளைகள் பெருகும், பெண்ணுக்கு அப்படிப் பெருகாது என்றார். அந்த ஆய்வு எல்லாப் பாடப்புத்தகத்திலும் ஏறியது. 2012இல் பேட்ரீஷியா கோவாட்டி குழு அதையே திரும்பச் செய்து பார்த்தது. பேட்மேன் பிள்ளைகளின் தாய் தந்தையை அடையாளம் காணக் கண்ணுக்குத் தெரியும் ஊனமுள்ள மரபணுக்களைப் பயன்படுத்தியிருந்தார். தாயின் ஊனமும் தந்தையின் ஊனமும் சேர்ந்து வந்த குஞ்சுகள் பல, எண்ணும் முன்பே செத்துப்போயின. எண்ணிக்கையே சாய்ந்துவிட்டது. ஈ எண்ணிப் பழகியவர்கள் யாராவது 60 வருடம் முன்பே இதைக் கேட்டிருக்கவேண்டும், நாங்கள் கேட்கவில்லை.

இனி சாட்சிகள். நீரில் வாழும் ராட்சத நீர்ப்பூச்சிகள் சிலவற்றில் பெண் தன் முட்டைகளை ஆணின் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடும். பொரியும் வரை சுமந்து, மேலே வந்து காற்றுக் காட்டிப் பராமரிப்பது ஆணின் பாடு. மார்மன் கிரிக்கெட் என்ற அமெரிக்கப் பூச்சியில், ஆண் கூடும்போது தன் எடையில் நான்கில் ஒரு பங்கு வரை சத்துப் பொட்டலமாகப் பெண்ணுக்குக் கொடுக்கிறது. உணவு குறைந்த இடங்களில் பெண்கள் ஆணுக்காக அடித்துக்கொள்கின்றன, ஆணோ எடை குறைந்த பெண்ணை ஒதுக்கிவிடுகிறது. டேரில் குவின் 1981இல் பதிவு செய்தது. பிரேசில் குகைகளில் நியோட்ரோக்லா என்ற சின்னஞ்சிறு பூச்சி. அதில் ஆண்குறி போன்ற உறுப்பு பெண்ணுக்கு இருக்கிறது, ஆணுக்குள் நுழைப்பது பெண். கூடல் 40 முதல் 70 மணி நேரம்.

இவை விதிவிலக்குகள்தானே என்பார் அவர். ஆமாம், ஆனால் எங்கே விலக்கு வருகிறது என்று பாருங்கள். எந்தப் பாலிடம் கிடைப்பதற்கு அரிய பொருள் இருக்கிறதோ, அதற்காக மற்றப் பால் போட்டியிடுகிறது. அது சத்துப் பொட்டலமாக இருக்கலாம், காலியான முதுகாக இருக்கலாம், முட்டையாக இருக்கலாம். பெரும்பாலான பூச்சிகளில் முட்டைதான் விலை உயர்ந்தது, ஆகவே பெரும்பாலும் ஆண் துரத்துகிறது. இதிலிருந்து நம் வீட்டில் யார் என்ன செய்யவேண்டும் என்று எடுப்பதற்கு எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆணுக்கு என்று பரிணாமத்தில் வந்த ஓர் அம்சம் திரும்பிப் போகவும் முடியுமா? எத்தனை லட்சம் ஆண்டு ஆகும்?
(கல்லூரி மாணவர்)

முடியும் தம்பி. லட்சம் ஆண்டு வேண்டாம், 20 தலைமுறைக்குள் நடந்ததைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறார்கள். ஹவாயின் கவாய்த் தீவில் ஒரு வகைச் சிள்வண்டு, அதாவது இரவில் கிறீச்சிடும் பூச்சி. ஆண் மட்டுமே கத்தும், சிறகில் உள்ள அரம் போன்ற நரம்பை உரசி. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பெண் வரும். அதே சத்தத்தைக் கேட்டு ஓர் ஒட்டுண்ணி ஈயும் வரும். அது தன் புழுக்களைச் சிள்வண்டின் மேல் விட்டுவிட்டுப் போகும், புழுக்கள் உள்ளே புகுந்து அதைத் தின்றே வளரும். மார்லீன் ஸுக் குழு பல ஆண்டுகளாக அங்கே போய்க்கொண்டிருந்தது. சத்தம் குறைந்துகொண்டே வந்தது. பூச்சி அழிந்துவிட்டது என்று நினைத்து விளக்கடித்துப் பார்த்தால் தரையெல்லாம் சிள்வண்டு, கத்தத்தான் இல்லை. ஆண்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல், பெண்ணின் சிறகைப் போன்ற வழுவழுப்பான சிறகுடன் இருந்தன. 2006இல் அறிக்கை வந்தது.

காரணம் எக்ஸ் குரோமோசோமில் ஒரே ஓர் இடத்து மாற்றம். சிள்வண்டில் ஆணுக்கு ஒரே எக்ஸ்தான், ஒய் கிடையாது. ஆகவே அந்த மாற்றம் வந்த உடனே ஆணில் வெளிப்பட்டுவிடுகிறது, மறைந்திருக்க இன்னொரு பிரதி இல்லை. பெண் அதைச் சுமந்தாலும் அதன் சிறகு எப்படியும் கத்தாது. இவ்வளவு வேகமாகப் பரவியதில் இதற்கும் பங்குண்டு. கத்தாத ஆணுக்குப் பெண் எப்படிக் கிடைக்கும் என்றால், இன்னும் கத்திக்கொண்டிருக்கும் ஒருசில ஆண்களின் அருகே போய்ப் பதுங்கி நின்று, வருகிற பெண்ணை வழிமறிக்கிறது.

கிருமி தாக்கினால் ஆண் பூச்சிகள் மட்டும் சாகும் என்பது உண்மையா?
(ஒரு வாசகி)

உண்மை. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா பூச்சியின் செல்லுக்குள் குடியிருக்கிறது. தாயின் முட்டை வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆண் அதற்கு முட்டுச்சந்து. ஆகவே சில வகை வோல்பாக்கியா ஆண் கருவைக் கொன்றுவிடுகிறது. பங்கு கேட்கச் சகோதரன் இல்லாததால் சகோதரிகளுக்கு, அதாவது பாக்டீரியாவைச் சுமப்பவர்களுக்கு, லாபம். ஒரு அந்துப்பூச்சியில், முன்னே சொன்ன ஆணாக்கும் மாஸ்க் புரதத்தையே இந்தப் பாக்டீரியாவின் ஒரு புரதம் பிடித்து முடக்குகிறது என்று 2022இல் தெரிந்தது.

சமோவாத் தீவுகளில் ஒரு வண்ணத்துப்பூச்சியில் 2001இல் நூற்றுக்கு ஒன்றுதான் ஆண். 2006இல் போய் எண்ணியபோது ஏறக்குறைய நாற்பது. பாக்டீரியா போய்விடவில்லை. அதன் கொலையைத் தடுக்கும் மரபணு ஒன்று பூச்சிகளில் பரவிவிட்டது, பத்துத் தலைமுறை சுமாரில்.

பெண் கொசுதான் கடிக்கிறது. எல்லாக் கொசுவையும் ஆணாக்கிவிட்டால் தொல்லை தீர்ந்ததே, ஏன் செய்யவில்லை?
(பல வாசகர்கள்)

முயற்சி நடக்கிறது. முட்டை உருவாக்கப் புரதம் தேவை என்பதால் பெண்ணுக்கு மட்டும் ரத்தம். ஆணுக்குத் தோலைத் துளைக்கும் ஊசிகளே சரியாக இல்லை, தேன் போன்ற இனிப்பு நீரைக் குடித்து வாழ்கிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவில் ஆணைத் தீர்மானிக்கும் மரபணு ‘நிக்ஸ்’. 2015இல் கண்டுபிடித்தார்கள். 2020இல் அதைப் பெண் கருவில் சேர்த்தபோது நிஜமாகவே ஆண் கொசு வந்தது, பிள்ளை கொடுக்கும் திறனும் இருந்தது. ஆனால் பறக்க முடியவில்லை. பறக்கும் தசைக்கு ‘மையோ-செக்ஸ்’ என்ற இன்னொரு மரபணு தேவை. இயற்கையில் அது நிக்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஆணுக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கிறது. ஆண் கொசு பெண்ணைத் தேடிப் பறந்தாக வேண்டும் என்பதால் நிக்ஸ் மட்டும் போதாது.

மலேரியா பரப்பும் ஆப்பிரிக்க அனாஃபிலிஸ் கொசுவில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு வேறு வழியில் போனது. டபுள்செக்ஸின் பெண் பதிப்பை மட்டும் உடைத்து, அந்த உடைப்பு சாதாரண விகிதத்தை மீறிப் பிள்ளைகளுக்குப் பரவும்படி செய்தார்கள். ஆண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவை உடைப்பைச் சுமந்து பரப்பின. இரண்டு பிரதியும் உடைந்த பெண்கள் ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல் வந்தன. கடிக்கவும் முடியவில்லை, முட்டையிடவும் முடியவில்லை. கூண்டில் இருந்த கொசுக் கூட்டங்கள் 7 முதல் 11 தலைமுறைக்குள் பூண்டற்றுப்போயின. 2018இல் வந்த முடிவு இது. கூண்டுக்கு வெளியே விடலாமா, ஓர் இனத்தை அப்படித் துடைத்தெடுத்தால் என்ன ஆகும், யாரிடம் அனுமதி கேட்பது என்ற கேள்விகள் மரபணுவில் இல்லை. அதற்குப் பதில் எழுத நான் சரியான ஆள் இல்லை.

ஆண் கொசுவை எப்படி அறிவது என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். தலையில் இறகு போலப் புசுபுசுவென்று உணர்கொம்பு இருந்தால் ஆண். பெண்ணின் சிறகோசையைக் கேட்பதற்கான காது அதன் அடியில் இருக்கிறது.